ஆண்டானும் அடிமையும் வேண்டா, ஆளுக்கொரு வழி வேண்டும்

நம் மன்றத்து அறையில் இருக்கும் இரும்பு பீரோவைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? மேலடுக்கில் பழைய மலர்களும் கணக்கேடுகளும் இருக்கின்றன. கீழடுக்கில் அட்டைப் பெட்டிகளில் சி.டி.களும் டி.வி.டி.களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நமக்கு முன்னே இங்கு வந்து பயின்ற தமிழ் மாணவர்கள் நடத்திய பொங்கல் விழாக்கள், பட்டிமன்றங்கள், நாடகங்கள், அவர்கள் அழைத்துப் பேசச் செய்த அறிஞர்களின் சொற்பொழிவுகள் ஆகிய எல்லாம் அந்தத் தட்டுகளில்தாம் உள்ளன. வேறெங்கும் அவற்றுக்குப் படி இல்லை.

சென்ற பொதுக்குழுவில் இந்தத் தட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. படியெடுத்து வைக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. ஆனால் மன்றத்தின் பழைய கணினியில் ஒரு தட்டை எழுத இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது; நடுவில் நின்றும் போகிறது. “இதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவோம்” என்றார் ஒருவர். “வாங்கப் பணம் எங்கே?” என்றார் பொருளாளர். “அப்படியானால் அடுத்த ஆண்டுக் குழு பார்த்துக்கொள்ளட்டும்” என்று முடிந்தது. சென்ற ஆண்டுக் குழுவும் இதையேதான் சொன்னது என்பதை நான் அறிவேன்.

தோழர்களே, அந்தக் கணினியை ஓர் ஆட்டோவில் ஏற்றி மல்லாபூரில் உள்ள என் அறைக்குக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பார்த்த பின்பு எனக்கு ஒரு கருத்து உறுதியாயிற்று. அதை உங்கள்முன் வைக்கவே இதனை எழுதுகிறேன். நம் கணினியின் மெதுவுக்குக் காரணம் அதன் வயது அன்று. உள்ளே இருக்கும் உறுப்புகள் நிறுத்தப்பட்டிருக்கும் முறை. அந்த முறையை மாற்றுவதற்குப் பணம் வேண்டா. செய்யப்போகும் வேலை இன்னதென்று முதலில் தெளிவு வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

நம் கணினியில் மூன்று டிரைவ்கள் உள்ளன. ஒன்று ஹார்டு டிஸ்க். மற்றொன்று தட்டைப் படிக்க மட்டும் அறிந்த டி.வி.டி. டிரைவ். மூன்றாவது தட்டில் எழுதவும் வல்ல டிரைவ். மதர்போர்டில் இவற்றுக்காக இரண்டு இணைப்பு வாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு பட்டையான கேபிள் புறப்படுகிறது. ஒரு கேபிளில் இரண்டு டிரைவ்களை மாட்டலாம். ஆகவே மொத்தம் நான்கு இடங்கள்; நமக்கு வேண்டியவை மூன்று.

ஐ.டி.இ. என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாடு 1986-ஆம் ஆண்டில் காம்பேக் நிறுவனத்தின் கணினிகளில் வந்தது. அதற்கு முன்பு ஹார்டு டிஸ்க்கை ஆட்டிவைக்கும் மின்னணுச் சுற்று தனி அட்டையாக இருந்தது. அந்தச் சுற்றை டிரைவின் உடம்போடே சேர்த்துவிட்டதுதான் ஐ.டி.இ. செய்த மாற்றம். மதர்போர்டில் இருப்பதைக் கண்ட்ரோலர் என்று நாம் வழக்கமாகச் சொன்னாலும், உண்மையான கண்ட்ரோலர் ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னே பயன்படும்.

1994-இல் இது ஏ.டி.ஏ. என்னும் பெயரில் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. பின்னர்ச் சி.டி. டிரைவ்களும் அதே கேபிளில் வந்து சேர்ந்தன. 2003-இல் சாட்டா என்னும் புதிய முறை வெளிவந்து, பட்டைக் கேபிளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் கணினியில் பட்டைக் கேபிள் கிடையாது. எனினும் மன்றங்களிலும், பள்ளிகளிலும், ஆய்வுக்கூடங்களில் பழைய கருவிகளுக்குப் பக்கத்திலும் இத்தகைய கணினிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

பெயரால் வந்த மயக்கம்

ஒரே கேபிளில் இருக்கும் இரண்டு டிரைவ்களில் ஒன்றுக்கு மாஸ்டர் என்றும் மற்றொன்றுக்கு ஸ்லேவ் என்றும் பெயரிட்டார்கள். ஆண்டான், அடிமை! டிரைவின் பின்புறத்தில் உள்ள ஜம்பர் என்னும் சிறு செருகியை மாற்றினால், ஆண்டான் அடிமையாகும், அடிமை ஆண்டானாகும்.

இந்தப் பெயரிலிருந்துதான் நம் நண்பர்களின் வாதம் பிறக்கிறது. “எழுதும் டிரைவை மாஸ்டராக வையுங்கள், வேகம் வந்துவிடும்” என்கிறார் ஒருவர். “ஹார்டு டிஸ்க் இருக்கும்போது வேறொன்று மாஸ்டராகலாமா?” என்கிறார் மற்றொருவர். இருவரும் பதவியைப் பற்றியே பேசுகிறார்கள்.

உண்மை என்ன? மாஸ்டர் எனப்படும் டிரைவ் மற்றதற்கு ஆணையிடுவதில்லை. அதன் வழியாக மற்றது பேசுவதுமில்லை. முன்னுரிமையும் அதற்கு இல்லை. ஒவ்வொரு டிரைவுக்கும் அதனதன் மூளை அதனதன் உள்ளேயே இருக்கிறது என்று மேலே சொன்னேன் அன்றோ? ஒரு கேபிளில் இருவர் இருந்தால் யாரை அழைக்கிறோம் என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும், அவ்வளவே. தரநூலில் அவற்றுக்குச் சாதனம் 0, சாதனம் 1 என்று எண்தான் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் வருகைப் பதிவேட்டில் முதலில் பெயர் வருபவன் இரண்டாமவனுக்கு எசமானன் ஆவானா?

2003-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம், தனக்குக் கருவிகள் விற்போர் இந்தப் பெயர்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டது. அன்று அதைக் கேட்டு நகைத்தவர் பலர். மனிதனை மனிதன் அடிமைகொண்ட வரலாற்றை எண்ணி அவர்கள் அவ்வாறு கேட்டார்கள். நான் அறிவியல் மாணவன் என்ற முறையில் மற்றொரு காரணத்தையும் சேர்ப்பேன்: அந்தப் பெயர் பொய்யானது. பொய்யான பெயர் பொய்யான அறிவுரையைப் பெறுகிறது. எழுதும் டிரைவை அடிமையிலிருந்து ஆண்டானாக உயர்த்தி, அதே கேபிளில் அதே துணையோடு விட்டுவைத்தால் ஒரு நொடிகூட மிச்சமாகாது.

ஒரு கிணறு, ஒரு கப்பி

அப்படியானால் வேகத்தைத் தீர்மானிப்பது எது? ஒரே நேரத்தில் உழைக்கவேண்டிய இரண்டு டிரைவ்கள் ஒரே கேபிளில் இருக்கின்றனவா, தனித்தனிக் கேபிளில் இருக்கின்றனவா என்பதுதான்.

நம் ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கப்பி இருக்கிறது. இரண்டு பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். ஒருத்தியின் குடம் கிணற்றுக்குள் இருக்கும்வரை அடுத்தவள் தன் கயிற்றை விட முடியாது. முதற்பெண் எவ்வளவு வலிமையாக இழுத்தாலும், குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரண்டாமவள் காத்துத்தான் நிற்கவேண்டும். முதற்குடம் உள்ளே எங்கேனும் இடறிச் சிக்கிக்கொண்டால் இருவர் வேலையும் நின்றுபோகும்.

ஐ.டி.இ. கேபிளும் அத்தகைய கப்பியே. ஒரு டிரைவுக்கு ஆணை கொடுத்துவிட்டால், அது வேலையை முடித்துக்கொடுக்கும்வரை வழக்கமாக அந்தக் கேபிளில் மற்ற டிரைவுக்கு ஆணை கொடுக்க முடியாது. படிக்கும் டிரைவ் தட்டில் ஓரிடத்தைத் தேடிச் செல்ல ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். தட்டில் கீறல் இருந்தாலோ, அது மீண்டும் மீண்டும் முயன்று பல நொடிகளைத் தின்னும். அத்தனை நேரமும் கேபிள் அதன் பிடியில் இருக்கும்.

எழுதும் டிரைவால் காத்திருக்க முடியுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். சி.டி.யின் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 75 துண்டுகள். துண்டுக்கு 2,048 பைட். ஆக நொடிக்கு 1,53,600 பைட். டிரைவின் முகப்பில் 52 என்று போட்டிருந்தால், உச்ச வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 80 இலட்சம் பைட்டை விழுங்கும். அதன் பஃபர், அதாவது வந்த செய்தியைத் தேக்கி வைத்துக்கொள்ளும் சிறு தொட்டி, பெரும்பாலும் 2 மெகாபைட். அந்தத் தொட்டி கால் நொடியில் வற்றிவிடும். கீறல் விழுந்த தட்டோடு படிக்கும் டிரைவ் மூன்று நொடி மல்லாடினால், பக்கத்தில் இருக்கும் எழுதும் டிரைவ் வறண்ட தொட்டியோடு நிற்கும்.

முன்னாளில் இப்படி நின்றால் தட்டு பாழ், குப்பைக்குத்தான் போகும். 2000-ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் பர்ன்-புரூஃப் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தொட்டி வற்றப்போகிறது என்று கண்டால் டிரைவ் எழுதுவதை நிறுத்தி, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொட்டி நிறைந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரும். மற்ற நிறுவனங்களும் இதுபோன்ற ஏற்பாடுகளைச் செய்துகொண்டன. தட்டு பிழைத்தது, ஆனால் நேரம் பிழைக்கவில்லை. நம் கணினி நடுவில் நின்று நின்று எழுதியதன் காரணம் இதுதான்.

கப்பி ஒன்று மட்டுமா குறை? கயிறும்தான்

என் அறையில் மூடியைக் கழற்றியபோது கண்ட நிலை இது: முதற் கேபிளில் ஹார்டு டிஸ்க்கும் எழுதும் டிரைவும் இருந்தன. இரண்டாம் கேபிளில் படிக்கும் டிரைவ் தனியே இருந்தது. முதற் கேபிளோ நாற்பது கம்பிகள் கொண்ட பழைய வகை.

இந்தக் கேபிள்களில் இரு வகை உண்டு. இரண்டிலும் இணைப்பு வாய் ஒரே அளவுதான். ஆனால் ஒன்றில் நாற்பது கம்பி, மற்றதில் எண்பது கம்பி. கூடுதலான நாற்பதும் செய்தி சுமப்பன அல்ல. சுமக்கும் கம்பிகளுக்கு இடையிடையே நின்று, ஒன்றின் அதிர்வு மற்றதைத் தாக்காமல் காக்கும் நிலக் கம்பிகள். நாற்பது கம்பிக் கேபிளில் நொடிக்கு 33 மெகாபைட் வேகம்வரைதான் செல்லலாம். 66, 100, 133 ஆகிய வேகங்களுக்கு எண்பது கம்பி கட்டாயம். இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம்: எண்பது கம்பிக் கேபிளின் வரிகள் மிக நெருக்கமாக, மெல்லிய இழைகளாகத் தெரியும். அதன் நீல முனை மதர்போர்டுக்கு. மறுகோடியில் உள்ள கறுப்பு முனை சாதனம் 0-க்கு. நடுவில் உள்ள சாம்பல் முனை சாதனம் 1-க்கு.

இப்போது நம் பழைய ஏற்பாட்டில் ஒரு டி.வி.டி.யை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 16 மடங்கு வேகத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 22 மெகாபைட் வேண்டும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து அது கேபிளில் வெளியே வரவேண்டும். அதே கேபிளில் எழுதும் டிரைவுக்கு உள்ளே போகவும் வேண்டும். நாற்பது கம்பிக் கேபிளில் 33 என்னும் வேகத்தில் 22-ஐக் கடத்த முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக, 0.67 நொடி ஆகிறது. வருவதற்கு 0.67, போவதற்கு 0.67, கூட்டினால் 1.33. ஒரு நொடிக்குள் ஒன்றே கால் நொடிக்கும் மேற்பட்ட வேலை! நடக்கக் கூடியதா?

எண்பது கம்பிக் கேபிளாக இருந்து, ஹார்டு டிஸ்க் 100 வேகமும் எழுதும் டிரைவ் 33 வேகமும் உடையவை என்றால், வருவதற்கு 0.22, போவதற்கு 0.67, மொத்தம் 0.89 நொடி. மயிரிழையில் அடங்கும். ஆனால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் இதுவும் தடுமாறும். இரண்டையும் தனித்தனிக் கேபிளில் வைத்தாலோ இந்தக் கூட்டலே இல்லை. ஒருபுறம் 0.22, மறுபுறம் 0.67; இரண்டும் ஒரே வேளையில் நடக்கும். இருவருக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது.

இன்னொரு குறையும் கண்டேன். விண்டோஸ் எக்ஸ்பி ஒரு டிரைவிடம் ஆறு முறை பிழையோ காலத்தாழ்வோ கண்டால், அதை டி.எம்.ஏ. என்னும் விரைவு முறையிலிருந்து படிப்படியாக இறக்கி, இறுதியில் பி.ஐ.ஓ. என்னும் பழைய முறையில் தள்ளிவிடும். அந்த முறையில் ஒவ்வொரு சொல்லையும் கணினியின் மைய மூளையே கையால் எடுத்துக் கொடுக்கவேண்டும். மிகுந்தால் நொடிக்கு 16.7 மெகாபைட். நம்மவர்கள் கீறல் தட்டுகளையெல்லாம் எழுதும் டிரைவிலேயே போட்டுப் படித்திருக்கிறார்கள். அது ஆறு முறை இடறியிருக்கிறது, தண்டனையும் பெற்றிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், அது புதிதாகக் கண்டுகொண்டு விரைவு முறைக்குத் திரும்பும். பலகாலம் நாம் அந்த டிரைவைச் சோம்பேறி என்று வைதுகொண்டிருந்தோம். அதன் காலைக் கட்டிப் போட்டிருந்ததை நாம் பார்க்கவில்லை.

வேலையைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்கிறேன்

ஹார்டு டிஸ்க்கோடு எழுதும் டிரைவைச் சேர்த்து வைத்த கடைக்காரரை முதலில் நான் நொந்துகொண்டேன். பிறகு எண்ணிப் பார்த்தபோது அவர் செய்ததிலும் ஒரு நியாயம் இருப்பது விளங்கிற்று. இதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி, பொறுமையோடு கேளுங்கள்.

தட்டைப் படியெடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, தட்டிலிருந்து தட்டுக்கு நேரே. படிக்கும் டிரைவ் படிக்கப் படிக்க, எழுதும் டிரைவ் எழுதிக்கொண்டே போகும். இங்கே ஒரே நேரத்தில் உழைப்பவை அவை இரண்டுமே. ஆகவே அவற்றைப் பிரிக்கவேண்டும். படிக்கும் டிரைவ் ஒரு கேபிளிலும், எழுதும் டிரைவ் மற்றொன்றிலும் இருக்கவேண்டும். கடைக்காரர் இதைத்தான் செய்திருந்தார். அந்த வேலைக்கு அது சரி.

இரண்டாம் வழி, முதலில் தட்டை முழுவதும் ஹார்டு டிஸ்க்கில் ஓர் இமேஜ் கோப்பாக இறக்கிக்கொண்டு, பிறகு அதிலிருந்து புதிய தட்டில் எழுதுவது. இங்கே முதற்கட்டத்தில் உழைப்பவை படிக்கும் டிரைவும் ஹார்டு டிஸ்க்கும். இரண்டாம் கட்டத்தில் உழைப்பவை ஹார்டு டிஸ்க்கும் எழுதும் டிரைவும். இரண்டு கட்டத்திலும் வருவது ஹார்டு டிஸ்க். ஆகவே அதற்குத்தான் தனிக் கேபிள் வேண்டும். படிக்கும் டிரைவும் எழுதும் டிரைவும் ஒரு நேரத்திலும் சேர்ந்து உழைப்பதில்லை. அவை இரண்டாம் கேபிளில் ஒன்றாய் இருப்பதால் இழப்பில்லை.

இரண்டு வேலைக்கும் இரண்டு வேறு வரிசைகள்! “எது சிறந்த வரிசை?” என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எந்த வேலைக்கு என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். நம் விடுதியில் இதைப்பற்றி மணிக்கணக்காக வாதிட்ட நண்பர்கள் இருவரும் தத்தம் வேலைக்குச் சரியானதையே சொன்னார்கள். தம் வேலை இன்னதென்று சொல்ல மறந்ததால் ஒருவரையொருவர் மூடர் என்றார்கள்.

நம் மன்றத்துத் தட்டுகளுக்கு இரண்டாம் வழியே தகும் என்பது என் உறுதியான கருத்து. அவை பழையவை, கீறல் பட்டவை. படிக்கும் டிரைவ் தடுமாறும் என்பது திண்ணம். அது தடுமாறும் வேளையில் புதிய தட்டு எதற்கு நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கவேண்டும்? பொறுமையாக எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று முதலில் இறக்கிக்கொள்வோம். இறக்கியதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். பிறகு அதிலிருந்து ஒன்றுக்கு மூன்றாக எழுதுவோம். பழைய தட்டை மறுபடி தொடவேண்டியதில்லை.

அவ்வாறே மாற்றி வைத்தேன். செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேடு சென்டரில் தேடி, பழைய எண்பது கம்பிக் கேபிள்கள் இரண்டு வாங்கினேன். நான்கு பேர் தேநீர் குடிக்கும் செலவுதான். ஹார்டு டிஸ்க்கை முதற் கேபிளின் கோடியில் தனியே மாட்டினேன். கேபிளில் ஒரே டிரைவ் இருந்தால் கோடி முனையில்தான் மாட்டவேண்டும். நடுவில் மாட்டினால் தொங்கும் வெற்று முனையிலிருந்து சைகை எதிரொலித்துத் திரும்பும். மற்ற இரண்டையும் இரண்டாம் கேபிளில் சேர்த்தேன். முன்பு இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்த கணினி, 8 மடங்கு வேகத்தில் ஒரு முழு டி.வி.டி.யை எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்போது எழுதி முடித்தது. ஒருமுறையும் நிற்கவில்லை. என்னோடு அறையில் இருக்கும் தம்பி, “அண்ணே, இதே பெட்டிதானா?” என்று கேட்டான். இதே பெட்டிதான். இடம்தான் மாறியது.

மறுப்புகளுக்கு விடை

“ஹார்டு டிஸ்க்கோடு மெதுவான டிரைவைச் சேர்த்தால், ஹார்டு டிஸ்க்கின் வேகமும் அதன் அளவுக்கு இறங்கிவிடுமாமே?” என்று ஒரு தோழர் கேட்டார். தொடக்க காலத்து மதர்போர்டுகள் சிலவற்றில் அது உண்மை. பின்னர் வந்தவற்றில் ஒவ்வொரு டிரைவோடும் அதனதன் வேகத்தில் பேசும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆகவே அந்த அச்சம் நம் கணினிக்குப் பொருந்தாது. காத்திருப்பு என்னும் குறைதான் எஞ்சி நிற்கிறது. அதற்குத்தான் இத்தனை சொன்னேன்.

“16 மடங்கு வேகம் இருக்கும்போது 8 எதற்கு?” என்று கேட்கலாம். நாம் ஓட்டப் பந்தயத்துக்கு எழுதவில்லை. பல ஆண்டு நிற்க எழுதுகிறோம். தட்டின்மேல் குறித்திருக்கும் வேகத்துக்குள், உச்சத்துக்குச் சற்றுக் கீழே நின்று எழுதி, எழுதியதைச் சரிபார்ப்பது நல்லது. வேகம் என்று நான் சொல்வது பாய்ச்சலை அன்று, தடையின்மையை. நில்லாமல் ஓடும் எட்டு, நின்று நின்று ஓடும் பதினாறை முந்திவிடும்.

“யு.எஸ்.பி.யில் மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே!” என்பது வலுவான மறுப்பு. பணம் வரும்போது வாங்குவோம். வேண்டா என்று சொல்லவில்லை. ஆனால் அங்கும் இரண்டு டிரைவ்களை ஒரே ஹப்பில் மாட்டினால் அவை ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ளும். கருவி மாறலாம், ஒரே நேரத்தில் உழைப்பவர்க்குத் தனி வழி என்னும் விதி மாறவில்லை. 2003-இல் வந்த சாட்டா முறை என்ன செய்தது என்று பாருங்கள். ஒரு டிரைவுக்கு ஒரு கேபிள் என்று வைத்துவிட்டது. ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை, ஜம்பரும் இல்லை. பதினேழு ஆண்டுப் பட்டறிவின் பயனாகப் பொறியாளர்கள் வந்து சேர்ந்த முடிவு அதுவே. நாம் அந்த முடிவைப் பழைய பெட்டிக்குள்ளேயே, கையிலிருக்கும் இரண்டு கேபிள்களைக் கொண்டு இயன்றவரை நிறைவேற்றிக்கொள்கிறோம்.

“பென் டிரைவில் போட்டால் போதாதா? தட்டு எதற்கு?” என்றும் ஒரு கேள்வி. பென் டிரைவிலும் போடுவோம். ஆனால் அதை எவரும் எடுத்துச் சென்று, அதில் உள்ளதை அழித்து, ஒரு திரைப்படத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை எழுதிய தட்டை அவ்வாறு அழிக்க முடியாது. இரண்டும் இருக்கட்டும், இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஏடு பெயர்த்த மரபினர் நாம்

நான் குடியிருக்கும் மல்லாபூரைச் சுற்றிலும் பட்டறைகள். நாச்சாரம் தொழிற்பேட்டை ஒருபுறம். சற்றுத் தொலைவில் இ.சி.ஐ.எல். எனப்படும் இந்திய மின்னணுக் கழகம். 1967-இல் நிறுவப்பட்ட அந்த நிறுவனம், வெளிநாட்டுப் பெட்டியை எதிர்பாராமல் டி.டி.சி. வரிசைக் கணினிகளை இந்நாட்டிலேயே செய்து கொடுத்தது. கணினியையே செய்தவர்கள் வாழும் ஊரில் இருந்துகொண்டு, இரண்டு கேபிள்களை இடம் மாற்றத் துணியாமல் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவது நமக்கு அழகாகுமா? அறிவியல் பயில்வோர் நம்மில் பலர். தேர்வுத்தாளில் எழுதும் அறிவு, மன்றத்து அறையில் ஒரு திருகைக் கழற்றவும் உதவவேண்டும்.

நம் முன்னோர் பனையோலையில் எழுதினார்கள். ஓலை நெடுநாள் நில்லாது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகவே பழைய ஏடு பொடிவதற்குள் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். அவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதியவர்கள் இருந்ததால்தான், 1887-இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவரப் பிரதிகள் கிடைத்தன. எவரேனும் ஒருவர், ஏதேனும் ஒரு தலைமுறையில், “அடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும்” என்று விட்ட நூல்கள் மண்ணாயின.

எழுதத்தக்க தட்டும் ஓலை போன்றதே. அதில் செய்தியைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் படலம். வெயிலும் வெப்பமும் அதற்குப் பகை. ஐதராபாத்தின் சித்திரை வெயிலில் நம் இரும்பு பீரோ எப்படிக் கொதிக்கும் என்பதைத் தொட்டுப் பார்த்தவர் அறிவர். ஏற்கெனவே சில தட்டுகளைக் கணினி அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவற்றில் என்ன இருந்தது என்பதை உறைமேல் எழுதிய பெயரைக் கொண்டுதான் அறிகிறோம். குரலைக் கேட்க வழியில்லை. அடுத்த கோடைக்குள் இன்னும் சில அவ்வாறு போகும்.

ஆகவே மன்றத்தின்முன் என் வேண்டுகோள் இது. கணினியை விற்கும் தீர்மானத்தைக் கைவிடுங்கள். வாரம் இரண்டு மாலை, இரண்டு பேர் வீதம் முறைவைத்து வாருங்கள். ஒருவர் பழைய தட்டைத் துடைத்துக் கொடுக்கட்டும். மற்றவர் இறக்கியதைச் சரிபார்த்து ஏட்டில் குறிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று படி: ஒன்று மன்றத்துக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று ஊர் திரும்பும் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்கு. இவ்வாண்டுத் தேர்வுக்கு முன் பீரோவின் கீழடுக்கு முழுவதையும் முடித்துவிடலாம்.

இந்தப் பணியிலும் கேபிள் சொல்லும் பாடத்தை மறவாதிருப்போம். யார் தலைவர், யார் தொண்டர் என்பதில் நேரம் போக்கவேண்டா. யார் யார் ஒரே நேரத்தில் உழைக்கவேண்டும் என்று பார்த்து, அவரவர்க்கு ஒரு வழியை விடுவோம். கணினி என் அறையில் ஆயத்தமாக இருக்கிறது. வரும் ஞாயிறு மாலை அதை மன்றத்துக்குக் கொண்டுவருகிறேன். முதல் இருவர் யார்?